எழுப்பிவிட்டால் போதாது

சர்வர் நிர்வாக வேலைக்கு வந்த புதிதில் நான் முதலில் கற்றது பிஐடி 1 பற்றித்தான். மின்சாரம் வந்ததும் கெர்னல் ஏறுகிறது. நினைவகம், வட்டு, நெட்வொர்க் அட்டை எல்லாவற்றையும் தன் கைக்குள் கொண்டுவருகிறது. ரூட் கோப்பு முறைமையை இணைக்கிறது. அதன் பிறகு அது தானாகத் தொடங்கி வைப்பது ஒரே ஒரு நிரலைத்தான். அதற்கு 1 என்று புராசஸ் எண் (பிஐடி) கொடுத்துவிட்டுப் பொறுப்பை அதனிடம் ஒப்படைத்துவிடுகிறது. யூனிக்ஸ் மரபில் அந்த நிரலின் பெயர் இனிட். மெயில், வெப், டேட்டாபேஸ், நாம் உட்கார்ந்து தட்டும் ஷெல் என்று அதன்பின் ஓடுகிற எல்லாமே அதன் வழிவந்தவை. இனிட் செத்தால் லினக்ஸ் கெர்னல் அந்த நொடியே பேனிக் ஆகி நின்றுவிடும். யூனிக்ஸ் வழிவந்த இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டியின் மூலநிரலிலும் அதே கதைதான். இனிட் இல்லாமல் எங்கும் போவதாக இல்லை என்ற பொருளில் ஒரு செய்தியைக் காட்டிவிட்டு அதுவும் நிற்கும்.

நான் சேர்ந்தது சென்னையில் மெயிலும் வெப் தளங்களும் நடத்திக்கொடுக்கும் ஒரு சின்ன நிறுவனம். சர்வர்கள் எல்லாம் டெபியன் லினக்ஸ். அன்றைக்கு அதில் இருந்தது சிஸ்டம் ஃபைவ் பாணி இனிட். 0 என்றால் நிறுத்தம், 1 என்றால் ஒற்றைப் பயனர், 6 என்றால் ரீபூட் என்று ரன்லெவல்கள். ஒவ்வொரு ரன்லெவலுக்கும் ஓர் அடைவு. அதற்குள் எஸ் 20, கே 80 என்று எண் போட்ட இணைப்புகள். எஸ் என்று தொடங்குபவற்றை எண் வரிசைப்படி ஒவ்வொன்றாக இனிட் தொடங்கும், கே என்று தொடங்குபவற்றை நிறுத்தும். எளிமையான ஏற்பாடு. ஒரு மணி நேரத்தில் புரிந்துவிடும். அதில் எது இல்லை என்பது புரியத்தான் எனக்குக் காலம் பிடித்தது.

புரிய வைத்தது ஓர் இரவு. நினைவகம் நிரம்பிப்போய், மெயில் வரிசையைக் கவனிக்கும் ஒரு நிரலை கெர்னல் கொன்றிருந்தது. அது தன் எண்ணை எழுதி வைத்திருந்த பிஐடி கோப்பு அப்படியே கிடந்தது. அன்றைய லினக்ஸில் புராசஸ் எண்கள் வழக்கமாக 32,768 வரை போய்த் திரும்பவும் கீழிருந்து வரும். செத்துப்போன நிரலின் எண் சுற்றி வந்து, நள்ளிரவு பேக்கப்பை எடுக்கும் ஆர்சிங்க்குக்குக் கிடைத்திருந்தது. மெயில் நிரலை நிறுத்தித் தொடங்கலாம் என்று அதனுடன் வந்த ஸ்கிரிப்டை ஓட்டினால், பேக்கப் நின்றுபோனது.

"அண்ணே, இதை ஸ்டாப் பண்ணினா வேற ஏதோ சாகுதே?" என்றேன், எங்கள் குழுவின் மூத்தவரிடம்.

அவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அது செத்ததை யாரும் இந்த ஸ்கிரிப்டுக்குச் சொல்லலப்பா. எப்பவோ எழுதி வச்ச நம்பரைப் பார்த்து அடிக்குது. தொடங்கி வச்சவன் கூட இருந்தாத்தானே செத்தது தெரியும்?"

அந்தக் கேள்விதான் பல ஆண்டுகள் என்னை இழுத்துக்கொண்டு போனது. யூனிக்ஸில் ஒரு புராசஸ் இறந்தால் கெர்னல் அதன் பெற்றோருக்குத் தகவல் கொடுக்கும். பெற்றோர் அதைக் கேட்டு வாங்கிக் கணக்கை முடிக்க வேண்டும். கேட்காவிட்டால் இறந்தது ஜாம்பியாகப் பட்டியலில் நின்றுகொண்டிருக்கும். ஆக, ஒரு நிரல் உயிரோடு இருக்கிறதா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்துகொள்ளக்கூடிய இடம் பெற்றோர்தான். ஆனால் பின்னணியில் ஓடும் பழைய நிரல்கள், அதாவது டீமன்கள், வேண்டுமென்றே அந்த உறவை அறுத்துக்கொள்ளும்படி எழுதப்பட்டவை. தொடங்கியதும் இரண்டு முறை ஃபோர்க் செய்து தன் நகலைப் பிள்ளையாகப் பிறப்பிக்கும், முதலில் வந்த புராசஸ் விலகிக்கொள்ளும், மிச்சம் நிற்பது அனாதையாகும். அனாதைகளைத் தத்தெடுப்பது பிஐடி 1. இந்த நிரல் யார், எதற்காக ஓடுகிறது என்பது தொடக்க ஸ்கிரிப்டுக்குத் தெரியும், ஆனால் இறப்புச் செய்தி அதற்கு வராது. செய்தி இனிட்டுக்கு வரும், ஆனால் இறந்தது யார் என்று இனிட்டுக்குத் தெரியாது. இந்த இடைவெளியை நிரப்பத்தான் பிஐடி கோப்பு. கோப்பில் எழுதிய எண் எழுதிய நொடிக்கு மட்டுமே உண்மை.

இதற்கு மாற்று ஏற்கெனவே இருந்தது. டேனியல் ஜே. பெர்ன்ஸ்டைன் எழுதிய டீமன்டூல்ஸ், அதே வழியில் கெரிட் பாப்பே எழுதிய ரன்இட். ஒவ்வொரு சேவைக்கும் ஓர் அடைவு, அதற்குள் 'ரன்' என்ற ஒரு சின்ன ஷெல் ஸ்கிரிப்ட். ரன்எஸ்வி என்ற நிரல் அதைத் தன் நேரடிப் பிள்ளையாகத் தொடங்கி, பக்கத்திலேயே காத்திருக்கும். பிள்ளை இறந்தால் உடனே தெரியும். திரும்பத் தொடங்கும். தொடங்கிய வேகத்தில் இறந்துகொண்டே இருந்தால் ஒரு நொடி இடைவெளி விடும். ரன்எஸ்விடிர் என்பது அதற்கும் மேலே நின்று 5 நொடிக்கு ஒரு முறை அடைவைப் பார்த்து, புதிய சேவை வந்திருந்தால் அதற்கும் ஒரு ரன்எஸ்வியை நியமிக்கும். சேவையின் நிலை 20 பைட் கோப்பு ஒன்றில் இருக்கும்: எப்போது தொடங்கியது, எண் என்ன, ஓட வேண்டுமா நிற்க வேண்டுமா. எஸ்வி கட்டளையில் கேட்டால், எண்ணையும் ஓடத் தொடங்கி எத்தனை நொடி ஆயிற்று என்பதையும் ஒரே வரியில் சொல்லிவிடும். இங்கே எண்ணை எழுதுவது பெற்றோர். அதனால் அதை நம்பலாம்.

இந்த ஏற்பாடு சேவையிடம் ஒன்றை மட்டும் கேட்கிறது: பின்னணிக்கு ஓடிப்போகாதே, முன்னால் நில். என்ஜின்எக்ஸ் வெப் சர்வர் என்றால் அதன் அமைப்புக் கோப்பில் டீமன் என்பதை அணைக்க வேண்டும். எஸ்எஸ்எச் சர்வருக்கு அதற்கென ஒரு குறி உண்டு. ரன் ஸ்கிரிப்டின் கடைசி வரி 'எக்ஸெக்' என்று தொடங்க வேண்டும். எக்ஸெக் சொன்னால் ஷெல் தன் இடத்தையும் தன் எண்ணையும் அந்த நிரலுக்குக் கொடுத்துவிட்டு மறைந்துவிடும். அந்த ஒரு சொல் விடுபட்டால், ரன்எஸ்வியின் பிள்ளையாக நிற்பது வெறும் ஷெல். நிறுத்தச் சொல்லி அனுப்பும் சிக்னல் ஷெல்லைக் கொல்லும், உண்மையான நிரல் பின்னால் உயிரோடு ஓடிக்கொண்டிருக்கும்.

சேவைகளை ஒவ்வொன்றாக ரன்இட்டுக்கு மாற்றத் தொடங்கியபோது, தொடங்குவதைவிட நிறுத்துவதுதான் நுட்பமான வேலை என்று தெரிந்தது. போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் நல்ல உதாரணம். அதற்கு டெர்ம் சிக்னல் அனுப்பினால் புதிய இணைப்புகளை மறுக்கும், ஆனால் ஏற்கெனவே இணைந்திருப்பவர்கள் எல்லாரும் தாமாகப் போகும்வரை காத்திருக்கும். இன்ட் அனுப்பினால் நடந்துகொண்டிருக்கும் பரிவர்த்தனைகளை ரத்து செய்துவிட்டு முறையாக மூடும். க்விட் என்றால் அப்படியே விழும், அடுத்த முறை எழும்போது லாகைப் படித்துத் தன்னைச் சரிசெய்துகொள்ள வேண்டும். ரன்இட் வழக்கமாக அனுப்புவது டெர்ம். வெப் தளங்கள் இணைப்பைத் திறந்தே வைத்திருப்பவை. ஆகவே டேட்டாபேஸ் நிற்கவே நிற்காது. இதற்கு ரன்இட்டில் அழகான வழி ஒன்று உண்டு. சேவை அடைவுக்குள் 'கன்ட்ரோல்' என்று ஓர் அடைவு வைத்து, அதில் 'டி' என்ற பெயரில் ஒரு ஸ்கிரிப்ட் போட்டால், டெர்ம் அனுப்பும் முன் ரன்எஸ்வி அதை ஓட்டும். அந்த ஸ்கிரிப்ட் இன்ட்டை அனுப்பிவிட்டு வெற்றியோடு முடிந்தால், ரன்எஸ்வி தன் பங்கு சிக்னலை அனுப்பாமல் விட்டுவிடும். இரண்டே வரி. ஒவ்வொரு சேவைக்கும் நாகரிகமாக விடைபெற ஒரு முறை உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் அதை மேய்க்க முடியாது என்பதை அந்த இரண்டு வரிதான் எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

இதற்கிடையில் நிறுவனத்துக்கு ஃப்ரீபிஎஸ்டி வந்தது. 2008 பிப்ரவரியில் வெளியான 7.0 பதிப்பில் இசட்எஃப்எஸ் கோப்பு முறைமை இருந்தது. பேக்கப்புகளைச் சேமிக்க அது வேண்டும் என்று முடிவானது. ஃப்ரீபிஎஸ்டியின் தொடக்க ஏற்பாடு மதிக்கத்தக்கது. 2000 டிசம்பரில் வந்த நெட்பிஎஸ்டி 1.5இல் லூக் மியூபர்னும் அவருடைய சகாக்களும் கொண்டுவந்த ஆர்சி.டி முறையை ஃப்ரீபிஎஸ்டி 2003இல், 5.0 பதிப்பில் எடுத்துக்கொண்டது. எண் போட்டு வரிசைப்படுத்தும் பழக்கம் அதில் கிடையாது. ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலையிலும் நான் எதைத் தருகிறேன், எனக்கு முன் எது வேண்டும் என்று குறிப்பு இருக்கும். ஆர்சிஆர்டர் என்ற நிரல் அவற்றைப் படித்துத் தானே வரிசையைக் கணக்கிடும். ஆனால் தொடங்கிய சேவை செத்தால் என்ன ஆகும் என்ற கேள்விக்கு அன்று அதிலும் பதில் இல்லை. தவிர, இரவுப் பணியில் இருப்பவர் இரண்டு விதமான இயந்திரங்களுக்கு இரண்டு விதமான பழக்கத்தை மனதில் வைத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே ரன்இட் சேவை அடைவுகளை அப்படியே ஃப்ரீபிஎஸ்டிக்கும் கொண்டுபோவது என்று தீர்மானித்தோம்.

ரன்இட் சிக்கலில்லாமல் கம்பைல் ஆனது. அது லினக்ஸிலும் பிஎஸ்டிகளிலும் மேக்கிலும் சோலாரிஸிலும் ஓடும்படி எழுதப்பட்டது. சிக்கல் எல்லாம் எங்கள் ரன் ஸ்கிரிப்டுகளில் ஒளிந்திருந்தது. முதல் சேவையை இயக்கியதும் வந்த செய்தி: ரன் என்ற கோப்பைத் தொடங்க முடியவில்லை, கோப்பு இல்லை. கோப்பு கண்ணெதிரே இருந்தது, அனுமதிகள் சரியாக இருந்தன. இல்லாதது பாஷ் ஷெல். ஸ்கிரிப்டின் முதல் வரி 'பின்' என்ற அடைவிலுள்ள பாஷைக் கேட்டது. ஃப்ரீபிஎஸ்டியின் அடிப்படைத் தொகுப்பில் பாஷ் கிடையாது, நாமாக நிறுவினால் அது லோக்கல் அடைவுக்குள் போய் உட்காரும். கெர்னல் தேடிக் காணாதது ஷெல்லை, செய்தியில் பெயர் வந்தது ஸ்கிரிப்டுக்கு. எல்லா ஸ்கிரிப்டையும் சாதாரண எஸ்எச் ஷெல்லுக்கு மாற்றி எழுதினோம். பாஷுக்கே உரிய அணிவரிசைகளும் இரட்டை அடைப்புக்குறிச் சோதனைகளும் போனபின், பெரும்பாலான ஸ்கிரிப்டுகள் பாதியாகச் சுருங்கின. அந்த அலங்காரம் எதுவும் சேவைக்குத் தேவைப்பட்டிருக்கவில்லை.

அடுத்து வந்தவை சிறு சிறு கற்கள். லினக்ஸில் எத்தனை செயலி, எவ்வளவு நினைவகம் என்று தெரிய புராக் அடைவைப் படிப்பது வழக்கம். ஃப்ரீபிஎஸ்டியில் அதை இயல்பாக இணைப்பதில்லை, சிஸ்கன்ட்ரோலைத்தான் கேட்க வேண்டும். அமைப்புக் கோப்புகள் இருக்கும் இடம் வேறு. செட் கட்டளையில் கோப்பை இருந்த இடத்திலேயே திருத்தும் குறி இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளாது. இவை எல்லாம் ஓடின மாத்திரத்தில் கத்திக் காட்டிக்கொடுத்துவிடும் வேறுபாடுகள், அதனால் பயமில்லை.

பயப்பட வேண்டியது கத்தாத வேறுபாடு. எங்கள் லாக் சேவையின் ரன் ஸ்கிரிப்ட் ஒரே வரிதான்: சிஸ்லாக்டியை '-என்' குறியோடு எக்ஸெக் செய். லினக்ஸில் சிஸ்லாக்டியோ ஆர்சிஸ்லாக்டியோ, அந்தக் குறிக்குப் பொருள் பின்னணிக்குப் போகாதே என்பது. ஃப்ரீபிஎஸ்டியின் சிஸ்லாக்டியும் அந்தக் குறியை மறுப்பில்லாமல் வாங்கிக்கொண்டது. ஆனால் அங்கே அதன் பொருள், செய்தி அனுப்பிய இயந்திரத்தின் பெயரை டிஎன்எஸ்ஸில் தேடாதே என்பது. ஆகவே அது வழக்கம்போலப் பின்னணிக்கு நழுவியது. லாக் கோப்புகளில் வரிகள் விழுந்துகொண்டுதான் இருந்தன. பார்த்தால் எல்லாம் நலம்.

நலமில்லை என்று காட்டியது ஒரு புள்ளி வரிசை. ரன்எஸ்விடிர் தொடங்கும்போது அதற்கு ஒரு நீண்ட புள்ளிச் சரத்தை வாதமாகக் கொடுப்பது மரபு. லாக் எழுத வேறு இடம் இல்லாத சேவைகளின் பிழைச் செய்திகள் அந்தப் புள்ளிகளின் மேல் வலது முனையிலிருந்து எழுதப்பட்டு இடப்பக்கம் நகர்ந்துகொண்டே போகும். பிஎஸ் கட்டளையில் அகல வரியாகப் பார்த்தால் தெரியும். ஆரோக்கியமான இயந்திரத்தில் வெறும் புள்ளிகள். அன்று அங்கே, சிஸ்லாக்டி ஏற்கெனவே ஓடுகிறது, அதன் எண் இது, என்ற செய்தி நொடிக்கு ஒன்றாக வந்து விழுந்துகொண்டிருந்தது. தொடங்கியது நழுவிப்போனதும் ரன்எஸ்வி அது இறந்துவிட்டதாக எண்ணி இன்னொன்றைத் தொடங்குகிறது. புதியது பழையதைப் பார்த்துவிட்டு விலகுகிறது. இப்படியே ஓயாமல். கத்தாத வேறுபாட்டையும் பேச வைக்கும்படி எங்கோ ஒருவர் முன்கூட்டியே யோசித்து வைத்திருந்த அந்தப் புள்ளிகள்மேல் எனக்கு இன்றும் மரியாதை உண்டு.

அன்றைய ஃப்ரீபிஎஸ்டி சிஸ்லாக்டியை முன்னால் நிறுத்த இருந்த வழி பிழைதேடும் குறி ஒன்றுதான், அது நிரந்தர ஓட்டத்துக்கு ஆகாது. ஆகவே கெரிட் பாப்பேயின் இன்னொரு நிரலான சாக்லாகை எடுத்துக்கொண்டோம். அதிலும் லினக்ஸில் டெவ் அடைவில் இருக்கும் லாக் சாக்கெட் ஃப்ரீபிஎஸ்டியில் வார் ரன் அடைவில் இருக்கிறது என்பதைத் திருத்திக்கொடுக்க வேண்டியிருந்தது. பெயரை நம்பி எதையும் இடம் மாற்றக் கூடாது, அது தரும் வாக்குறுதியைச் சோதித்துப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும் என்பது அதன்பின் எங்கள் குழுவின் விதியானது.

பிஐடி 1 இடத்தையே ரன்இட்டுக்குக் கொடுத்துப் பார்ப்பது அடுத்த ஆசை. லினக்ஸில் கெர்னலுக்கு இனிட் என்ற வாதத்தைக் கொடுத்தால் போதும். ஃப்ரீபிஎஸ்டியில் லோடர் அமைப்புக் கோப்பில் இனிட் பாதையைச் சொல்ல வேண்டும். சோதனை இயந்திரம் ஒன்றில் செய்தோம். ரன்இட்டின் வாழ்க்கை மூன்று கட்டம்: முதல் கட்டம் ஒருமுறை வேலைகள், இரண்டாவது சேவைகளை மேய்ப்பது, மூன்றாவது மூடுவது. முதல் கட்டத்தில் ஃப்ரீபிஎஸ்டியின் சொந்த ஆர்சி ஸ்கிரிப்டையே ஓட்டினோம். எல்லாம் ஏறியது, திரையில் லாகின் மட்டும் வரவில்லை. பிஎஸ்டி இனிட் டிடிஒய்ஸ் என்ற கோப்பைப் படித்து ஒவ்வொரு முனையத்திலும் லாகின் கேட்கும் 'கெட்டி' நிரலைத் தொடங்கும். அந்த இனிட்டையே எடுத்துவிட்டோமே, பிறகு அதைப் படிக்க யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு முனையத்துக்கும் ஒரு சேவை அடைவு எழுதிக்கொடுத்ததும் லாகின் வந்தது. மூடும் நேரத்திலும் இதே கதை. ரீபூட்டுக்கு ஒரு சிக்னல், மின்சாரத்தை அணைக்க ஒரு சிக்னல் என்று ஷட்டவுன் கட்டளை பிஎஸ்டி இனிட்டோடு பேச ஒரு தனி மொழி வைத்திருக்கிறது, ரன்இட்டின் மொழி வேறு. பழைய இனிட் சத்தமில்லாமல் எத்தனை பேருக்குக் கை கொடுத்துக்கொண்டிருந்தது என்பது அதை நகர்த்தியபோதுதான் தெரிந்தது. உற்பத்திச் சர்வர்களில் ஃப்ரீபிஎஸ்டியின் இனிட்டையே பிஐடி 1ஆக விட்டுவிட்டு, ஆர்சி.டி வழியாக ரன்எஸ்விடிரைத் தொடங்கினோம். எங்களுக்கு வேண்டியது பக்கத்தில் நிற்கும் பெற்றோர். அது 1 என்ற எண்ணோடு இருக்க வேண்டிய கட்டாயமில்லை.

2010இல் லென்னார்ட் பொயெட்டரிங்கும் கே சீவர்ஸும் சிஸ்டம்டி என்ற புதிய இனிட்டைத் தொடங்கினார்கள். 2014 பிப்ரவரியில் டெபியனின் தொழில்நுட்பக் குழு சரிபாதியாகப் பிரிந்து, தலைவர் பிடேல் கார்பியின் தீர்மான வாக்கால் சிஸ்டம்டியைத் தேர்ந்தெடுத்தது. 2015இல் டெபியன் 8 அதனோடு வந்தது. அந்த நாட்களின் வாதம் மிகச் சூடானது, இரு பக்கத்திலும் நான் மதிக்கும் ஆட்கள் இருந்தார்கள். சிஸ்டம்டி லினக்ஸ் கெர்னலின் சிகுரூப் வசதியைப் பிடித்துக்கொண்டு, இரண்டு முறை ஃபோர்க் செய்து தப்பிப்போகும் டீமனைக்கூட எந்தச் சேவையைச் சேர்ந்தது என்று சொல்லிவிடும். பெரிய முன்னேற்றம். அதற்கான விலை, அதை ஃப்ரீபிஎஸ்டிக்குக் கொண்டுபோக முடியாது. ஆப்பிளின் இனிட்டான லான்ச்டியும் மாக் என்ற அடித்தளத்தின் செய்தி வழிகளோடு பிணைந்திருப்பதால், அதை வெளியே எடுத்துப் போக முயன்றவர்களுக்கும் அது எளிதாக இருக்கவில்லை.

எங்கள் டெபியன் இயந்திரங்களை சிஸ்டம்டிக்கு மாற்றும் நாள் வந்தபோது எனக்கு ஆச்சரியம் காத்திருந்தது. ரன் ஸ்கிரிப்டில் எக்ஸெக் செய்த வரி, சிஸ்டம்டியின் சேவை அமைப்புக் கோப்பான யூனிட் கோப்பில் எக்ஸெக்ஸ்டார்ட் ஆனது. எந்தப் பயனராக ஓட வேண்டும் என்று சொன்ன சிஎச்பிஎஸ்டி, யூசர் என்ற வரி ஆனது. போஸ்ட்கிரெஸுக்காக எழுதிய கன்ட்ரோல் ஸ்கிரிப்ட், கில்சிக்னல் என்ற ஒரே வரி ஆனது. சேவை முன்னால்தான் நின்றது, ஆகவே பிஐடி கோப்பு வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே ஃப்ரீபிஎஸ்டிக்குப் போய் வந்த சேவைகள் எல்லாம் அலுங்காமல் மாறின. பழைய ஸ்கிரிப்டிலேயே விட்டுவைத்திருந்தவைதான் நாட்கணக்கில் இழுத்தன. ஒரு முறை வேறு மண்ணில் நட்டுப் பார்த்ததால், எது வேர், எது ஒட்டிக்கொண்டிருந்த மண் என்று அவற்றில் முன்பே பிரிந்திருந்தது.

இன்று வேலைக்கு வரும் இளைஞர்கள் கன்டெய்னரில் தொடங்குகிறார்கள். அங்கே பிஐடி 1 அவர்கள் எழுதிய நிரலேதான். கன்டெய்னரை நிறுத்தச் சொன்னால் டாக்கர் டெர்ம் அனுப்பும், இயல்பாக 10 நொடி காத்திருக்கும், பிறகு கில். எண் 1இல் இருக்கும் புராசஸ் தானாகக் கையாள ஏற்பாடு செய்யாத சிக்னலுக்கு கெர்னல் வழக்கமான நடவடிக்கையை எடுப்பதில்லை. ஆகவே டெர்ம் வீணாகி, ஒவ்வொரு முறையும் 10 நொடிக்குப் பின் நிரல் வெட்டுப்பட்டுச் சாகிறது. அல்லது நடுவில் எக்ஸெக் இல்லாத ஒரு ஷெல் நின்று சிக்னலைக் கடத்தாமல் விழுங்குகிறது. அனாதைப் பிள்ளைகள் ஜாம்பிகளாகக் குவிகின்றன. டினி போன்ற சின்ன இனிட்டுகள் இதற்காகவே எழுதப்பட்டன, 2017இல் டாக்கர் தன் கட்டளையிலேயே அதற்கு ஒரு குறி வைத்தது. கருவி புதியது, கேள்வி எங்கள் மூத்தவர் அன்று கேட்டதுதான்.

அதனால் எந்த இயந்திரமானாலும், ஒரு சேவைக்கு யூனிட்டோ ரன் ஸ்கிரிப்டோ எழுத உட்காரும் பிள்ளைகளிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது மூன்று கேள்விகள். இது முன்னால் நிற்குமா? நிறுத்தச் சொன்னால் எந்தச் சிக்னலைக் கேட்டு, கையில் இருக்கும் வேலையை முடித்துக்கொண்டு போகும்? இது இறந்தால் அந்தச் செய்தி யாருக்குப் போகும்? மூன்றுக்கும் பதிலை ஓட்டிப் பார்த்துத் தெரிந்துகொண்டால், மிச்சமெல்லாம் அந்தந்த இயந்திரத்தின் எழுத்து நடை. பூட் ஆகி எல்லாம் பச்சையாகத் தெரிவதோடு இந்த வேலை முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது.